வீட்டிலேயே டியோடரண்ட் செய்யும் பெட்டி: நாலு மாதம் பயன்படுத்திய பிறகு எழுதுகிறேன்

நான் பிசியோதெரபிஸ்ட். தோள் இறுகிப்போய் வருகிறவரைப் படுக்க வைத்து, அவர் கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் நீட்டிவிடும்போது என் அக்குளுக்கும் அவர் மூக்குக்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது. ஒரு நாளைக்கு எட்டுப் பேர், சில நாள் பத்துப் பேர். வலியோடு படுத்திருக்கிறவரால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் முடியாது. அதனால் வியர்வை வாடை இல்லாமல் இருப்பதை என் வேலையின் ஒரு பகுதியாகவே நினைக்கிறேன். ஆனால் கடையில் கிடைக்கும் ஸ்பிரேக்களின் வாசனை எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. அடித்த பத்து நிமிடத்தில் நெற்றிப்பொட்டு விண்விண் என்று தெறிக்கும்.

அக்காவுக்கு இது தெரியும். என் பிறந்தநாளுக்கு, வீட்டிலேயே இயற்கை டியோடரண்ட் செய்துகொள்ளும் பெட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்தாள். "வாசனை வேணாம்னா போடாம செஞ்சுக்கோ, எல்லாம் உன் கையிலதானே இருக்கு" என்றாள். நாலு மாதமாகிறது. மூன்று முறை செய்திருக்கிறேன். முதல் முறை தோல் புண்ணானது, இரண்டாவது முறை களிம்பு மணல் மாதிரி நெருநெருத்தது, மூன்றாவதுதான் சரியாக வந்தது. இதே மாதிரிப் பெட்டிகள் பல பெயர்களில் விற்கின்றன. உள்ளே இருக்கும் பொருள்களும் செய்முறையும் பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால், எந்தப் பெட்டியை வாங்கியவருக்கும் இது உதவும் என்று நினைக்கிறேன்.

என் பெட்டிக்குள் இருந்தவை: தேங்காய் எண்ணெய், ஷியா வெண்ணெய் (ஆப்பிரிக்க ஷியா மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் கொழுப்பு), சின்னச் சின்ன உருண்டையாகத் தேன்மெழுகு, அரோரூட் மாவு, சமையல் சோடா, லாவெண்டரும் டீ ட்ரீயும் கலந்த ஐந்து மில்லி நறுமண எண்ணெய், அடியில் திருகினால் மேலே ஏறும் காலி டியூப் மூன்று, ஒரு மரக்கரண்டி, மடித்து வைத்த செய்முறைத் தாள். பொருள்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஷியா வெண்ணெய் நல்ல தந்த நிறத்தில், லேசான கொட்டை வாசனையோடு இருந்தது. தேன்மெழுகை விரலால் நசுக்கினால் தேனடையின் மணம் வந்தது. டியூப்கள் திடமானவை, மூன்று முறை கழுவி மறுபடி நிரப்பியும் திருகு தளரவில்லை. என் குறை முழுக்க அந்தச் செய்முறைத் தாளைப் பற்றியது.

முதலில், இதைச் செய்வது எவ்வளவு சுலபம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பாத்திரத்தில் தண்ணீரைச் சூடாக்கி, அதற்குள் சின்னக் கிண்ணத்தை வைத்து, மெழுகை முதலில் போட வேண்டும். தேன்மெழுகு உருக 62 முதல் 64 டிகிரி வேண்டும், ஷியா வெண்ணெய்க்கோ உடல் சூடு கிட்டத்தட்டப் போதும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் மெழுகு உருகும்வரை மற்றவை வீணாகக் காய்ந்துகொண்டிருக்கும். மெழுகு தெளிந்து வந்ததும் எண்ணெயும் வெண்ணெயும் சேர்த்து அடுப்பை அணைத்துவிடலாம். அப்புறம் மாவையும் சோடாவையும் சலித்துத் தூவிக் கலக்க வேண்டும்.

இங்கேதான் பொறுமை வேண்டும். கலவை சூடாக, தண்ணீர் மாதிரி இருக்கும்போது டியூபில் ஊற்றினால் மாவு முழுக்க அடியில் போய் உட்கார்ந்துவிடும். மேல்பாதி வெறும் எண்ணெய்க் கட்டி, கீழ்பாதி சுண்ணாம்பு மாதிரி. கலக்கிக்கொண்டே இருந்தால் ஒரு நேரத்தில் கிண்ணத்தின் ஓரத்தில் பாலாடை போல மெல்லிய படலம் படியத் தொடங்கும். கரண்டியைத் தூக்கினால் சொட்டாமல் பட்டையாக வழியும். அதுதான் ஊற்ற வேண்டிய நேரம். ஒரு நிமிடம் தவறினால் கிண்ணத்திலேயே இறுகிவிடும். ஆனால் கவலையில்லை, மறுபடி சூடான தண்ணீரில் வைத்தால் இளகும். வாசனை எண்ணெய் சேர்ப்பதாக இருந்தால் ஊற்றுவதற்குச் சற்று முன்னால்தான், இல்லாவிட்டால் சூட்டில் பாதி பறந்துவிடும்.

முதல் டியூபை அந்தத் தாளில் இருந்தபடியே செய்தேன், வாசனை எண்ணெயை மட்டும் விட்டுவிட்டேன். முதல் வாரம் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. காலை ஏழு மணிக்குப் பூசினால் மாலை ஆறு மணிக்குச் சட்டையைக் கழற்றி முகர்ந்து பார்த்தாலும் வாடை இல்லை. அக்காவுக்குப் போன் செய்து புகழ்ந்து தள்ளினேன்.

ஒன்பதாம் நாள் வலது அக்குளில் மட்டும் ஒரு அரிப்பு. அன்று இரவு குளித்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். மடிப்பு விழும் இடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு பட்டை, விரல் அகலத்துக்கு. தொட்டால் கொஞ்சம் சொரசொரப்பு. தாளை எடுத்துப் பார்த்தேன். "முதல் சில வாரங்களில் எரிச்சலோ சிவப்போ வரலாம். உடலில் தேங்கிய நச்சுகள் வெளியேறுகின்றன என்பதன் அறிகுறி இது. தொடர்ந்து பயன்படுத்துங்கள்" என்று இருந்தது.

தொடர்ந்தேன். இதை எழுதும்போதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. உடம்பைப் பற்றிப் படித்தவள் நான். வலி என்றால் நிறுத்து என்று தினமும் மற்றவர்களுக்குச் சொல்கிறவள். இருந்தும் அச்சடித்த ஒரு தாளை நம்பி இன்னும் ஐந்து நாள் பூசினேன். நடுவில் ஒரு நாள் மாலை ரோமம் மழித்துவிட்டு, மறுநாள் காலை அதே இடத்தில் பூசினேன். மிளகாய் பட்டது போல் எரிந்தது. பதினான்காம் நாள் இரண்டு அக்குளும் பழுப்புச் சிவப்பாகி, வலப்பக்கம் தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்து, கையை இறக்கினால் உரசும் இடத்தில் நீர் கசிந்தது. அன்று ஒருவருக்கு என் கையை உயர்த்திக் காட்டிப் பயிற்சி சொல்லித்தர என்னால் முடியவில்லை.

தோல் மருத்துவரிடம் போனேன். டியூபைத் திறந்து பார்த்தார், என்னென்ன போட்டாய் என்று கேட்டார். சோடா என்றதும் தலையாட்டினார். ஒவ்வாமை இல்லை, தோல் சோடாவின் காரத்தன்மையால் அரிக்கப்பட்டிருக்கிறது என்றார். சில நாளைக்கு ஒரு களிம்பு கொடுத்து, ஆறும்வரை தண்ணீரைத் தவிர வேறெதுவும் படக்கூடாது என்றார். முழுசாக ஆற மூன்று வாரம் ஆனது.

இதில் நடப்பது என்ன என்பதை, பெட்டி வாங்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். வியர்வைக்குச் சுரக்கும்போது பெரிதாக வாடை கிடையாது. அக்குளில் இரண்டு வகைச் சுரப்பிகள் இருக்கின்றன. ஒன்று உடம்பைக் குளிர்விக்கும் உப்புத் தண்ணீரைத் தருவது. இன்னொன்று பருவ வயதில் விழித்துக்கொள்ளும் அப்போகிரைன் சுரப்பி, கொஞ்சம் பிசுக்கான திரவத்தைச் சுரப்பது. அந்தப் பிசுக்கை அங்கே வாழும் நுண்ணுயிரிகள், முக்கியமாகக் கோரினிபாக்டீரியம் வகையும் சில ஸ்டஃபைலோகாக்கஸ் வகைகளும், உடைத்து அமிலங்களாகவும் கந்தகச் சேர்மங்களாகவும் மாற்றும்போதுதான் மூக்கைத் துளைக்கும் வாடை பிறக்கிறது. சமையல் சோடா அந்த அமிலங்களைச் சமன்படுத்தி, ஆவியாகப் பறக்காத உப்புகளாக்கிவிடுகிறது. அதனால்தான் அது அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது.

ஆனால் தோலே லேசான அமிலத்தன்மை கொண்டது. அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவுகோலில் 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். தோலின் பி.எச். 5-ஐ ஒட்டி இருக்கும், அக்குளில் அந்த எண் சற்றுக் கூடுதல். சோடா கரைந்த தண்ணீரின் பி.எச். 8-க்கு மேல். இந்த அளவுகோலில் ஒரு எண் கூடினால் பத்து மடங்கு வித்தியாசம். அந்த லேசான அமிலத்தன்மைதான் தோலின் மேலடுக்கு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் கிருமிகளைத் தள்ளி வைக்கவும் உதவுகிறது. தினமும் காலையில் காரத்தைப் பூசி, வியர்வையில் அது கரைந்து, நாள் முழுக்க மடிப்புக்குள் ஊறிக்கொண்டிருந்தால் அந்த அடுக்கு பலவீனமாகத்தான் செய்யும். சிலருக்கு ஒன்றும் ஆவதில்லை. சிலருக்கு ஒரு வாரத்தில் ஆகிவிடும், எனக்கு ஆனது போல.

நச்சு வெளியேறுகிறது என்ற பேச்சுக்கு அடிப்படையே இல்லை. இரத்தத்தைச் சுத்திகரிக்கிற வேலை கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் உரியது. அக்குள் அதற்கான வாசல் இல்லை. வியர்வை தடுப்பான் பயன்படுத்தியவர் அதை நிறுத்தினால் வியர்வை திரும்ப வரும், நுண்ணுயிரிகளின் கலவையும் மாறும். அதனால் கொஞ்ச நாள் வாடை கூடலாம். அது வேறு விஷயம். சிவப்பும் எரிச்சலும் உரிதலும் தோல் காயப்படுகிறது என்பதன் அடையாளம், அவ்வளவுதான். அன்றைக்கே கழுவிவிட்டு நிறுத்துங்கள். இந்தப் பெட்டியைத் தயாரித்தவர்களுக்கு இதை விளக்கி எழுதினேன். நன்றி என்று பதில் வந்தது. தாளில் அந்த வரி மாறியிருக்கிறதா என்று அடுத்த பெட்டி வாங்குகிறவர் பார்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

அதே தாளில், கடையில் வாங்கும் வியர்வை தடுப்பான்களிலுள்ள அலுமினிய உப்பு மார்பகப் புற்றுநோய் உண்டாக்கும் என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் தெளிவான தொடர்பு எதுவும் நிறுவப்படவில்லை என்றுதான் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் சொல்கிறது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் பயன்படுத்தச் சொல்லி அந்தப் பொருள்களின் உறையிலேயே எச்சரிக்கை இருக்கும். பயமுறுத்தி விற்க வேண்டிய பொருளா இந்த வீட்டு டியோடரண்ட்? வாசனை ஒத்துக்கொள்ளாத என்னைப் போன்றவர்களுக்கு இது தன்னளவிலேயே நல்ல பொருள். இன்னொன்று, அலுமினியம் வேண்டாம் என்று சொல்லிப் படிகாரக் கல்லுக்கு மாறுகிறவர்கள் இருக்கிறார்கள். படிகாரமும் பொட்டாசியம் அலுமினியம் சல்ஃபேட்தான். பிடித்திருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆனால் அதில் அலுமினியம் இல்லை என்று நினைத்து வாங்க வேண்டாம்.

தோல் ஆறியதும் சோடாவுக்குப் பதில் என்ன போடலாம் என்று தேடி, மெக்னீசியம் ஹைட்ராக்சைடு பொடியைத் தனியாக வாங்கினேன். மலச்சிக்கலுக்குக் குடிக்கக் கொடுக்கும் வெள்ளை மருந்தில் தண்ணீரோடு கலந்திருப்பது இதே பொருள்தான். ஆனால் அந்தத் திரவத்தை இந்தக் களிம்பில் சேர்க்கக் கூடாது, காய்ந்த பொடிதான் வேண்டும். இதுவும் காரம்தானே என்று எனக்கும் முதலில் தயக்கம். வித்தியாசம் கரைதிறனில் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் சமையல் சோடா 90 கிராமுக்கு மேல் கரையும். மெக்னீசியம் ஹைட்ராக்சைடு ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு அளவுக்குத்தான் கரையும். அதனால் தோலில் ஒரேயடியாகக் காரம் ஏறுவதில்லை. வாடை தரும் அமிலம் வர வர, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து அதைச் சமன்படுத்துகிறது.

முதலில் முழங்கையின் உள்மடிப்பில் காசளவு பூசி, நாலு நாள் பார்த்தேன். ஒன்றுமில்லை. அப்புறம்தான் அக்குளுக்குப் போனேன். இந்த நாலு நாள் சோதனையைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வார்த்தைகூட இல்லை என்பது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

இரண்டாவது டியூபில் தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பூசும்போது ரவை மாதிரி நெருநெருத்தது. மாவு சரியாகக் கலக்கவில்லை போல என்று நினைத்து, ஒரு துணுக்கை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். அந்த மணிகள் மெல்ல உருகிக் காணாமல் போயின. மாவாக இருந்தால் உருகாது. அது ஷியா வெண்ணெய். சமையல் மேடையிலேயே மெதுவாக ஆறவிட்டதால், அதிலுள்ள கொழுப்புகளில் சீக்கிரம் உறைபவை மட்டும் முதலில் தனியாகத் திரண்டு மணிமணியாகிவிடுகின்றன. முழுசாக உருக்கி வேகமாகக் குளிரவைத்தால் போதும். மூன்றாவது முறை டியூபில் ஊற்றியதும் நேராகக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால் மேற்புறம் சோப்புக்கட்டி போல வழவழவென்று இருந்தது.

இன்னொரு மாற்றமும் செய்தேன். தாளில் சொன்ன அளவில் மெழுகு குறைவு. தேங்காய் எண்ணெய் 25 டிகிரியை ஒட்டி உருகிவிடும் என்பதால், கைப்பையில் வைத்த முதல் டியூப் மத்தியானத்துக்குள் குழைந்து மூடிக்குள் வழிந்திருந்தது. கரண்டிக் கணக்கையும் விட்டுவிட்டுத் தராசுக்கு மாறினேன். மாவை அழுத்தி அள்ளினால் ஒரு எடை, தளர்வாக அள்ளினால் ஒரு எடை. அரைக் கிராம் துல்லியமாகக் காட்டும் சமையலறைத் தராசு இருந்தால் போதும். இப்போது ஒரு 50 கிராம் டியூபுக்கு என் அளவு இது: தேங்காய் எண்ணெய் 14 கிராம், ஷியா வெண்ணெய் 10, தேன்மெழுகு 7, அரோரூட் மாவு 13, மெக்னீசியம் ஹைட்ராக்சைடு 6. வெயில் அதிகமாக இருந்தால் மெழுகை ஒரு கிராம் கூட்டி எண்ணெயை ஒரு கிராம் குறைப்பேன். பூசும்போது இழுத்தால் மெழுகு அதிகம், வழிந்தால் குறைவு. இரண்டு முறை செய்தால் கை பழகிவிடும்.

வாசனை எண்ணெய் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐந்து மில்லிக் குப்பி முழுவதையும் 150 கிராம் கலவையில் ஊற்றச் சொல்கிறது தாள். அது ஏறக்குறைய மூன்று சதவீதம். எப்போதும் மூடியே இருக்கும், ஈரமான, மெல்லிய தோலுக்கு இது அதிகம். இயற்கை எண்ணெய் என்பதால் அது தோலை ஒன்றும் செய்யாது என்று அர்த்தமில்லை. டீ ட்ரீ எண்ணெயும் லாவெண்டர் எண்ணெயும் காற்றுப்பட்டுப் பழசாகும்போது தோல் ஒவ்வாமையைத் தூண்டும் பொருள்களாக மாறுகின்றன. ஒரு முறை அப்படி ஒவ்வாமை ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க விடாது. அக்காவுக்குச் செய்து கொடுத்த டியூபில் ஆறு சொட்டு லாவெண்டர் போட்டேன், அரைச் சதவீதம் அளவு. மூடியைத் திறந்தால் மெல்லிய மணம் வரும், அவளுக்கு அது போதும் என்கிறாள். எனக்கு எதுவும் இல்லாமல்தான் பிடிக்கிறது.

இந்தக் களிம்பில் தண்ணீர் கிடையாது. அதனால் கெடாமல் இருக்கத் தனியாக எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. ஆனால் கற்றாழைச் சாறு, பன்னீர் என்று எதையாவது சேர்க்க ஆசைப்பட்டால் அந்தக் கணக்கு மாறிவிடும். தண்ணீர் இருக்கும் இடத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும். வைட்டமின் ஈ சேர்த்தால் கெடாது என்று பலர் நம்புகிறார்கள். அது எண்ணெய் சிக்கு அடிப்பதைத் தள்ளிப்போடும், கிருமியைத் தடுக்காது. குளித்ததும் நன்றாகத் துடைத்து, அக்குள் காய்ந்த பிறகே பூசுங்கள். அப்படியே சமையல் சோடாவையும் சலவை சோடாவையும் யாரும் குழப்பிக்கொள்ள வேண்டாம். சலவை சோடா பல மடங்கு கடுமையான காரம், தோலில் படவே கூடாது.

எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று கேட்டால், மெக்னீசியம் டியூப் எனக்கு ஒன்பது மணி நேரம் தாங்குகிறது. சோடா பதினொரு மணி நேரம் தாங்கியது. அந்த இரண்டு மணி நேரத்துக்காக என் தோலைக் கொடுக்க மாட்டேன். நாள் நீண்டுபோனால் மத்தியானம் ஈரத்துணியால் துடைத்துவிட்டு இன்னொரு முறை பூசிக்கொள்கிறேன். பருத்திச் சட்டை போடும் நாளில் அதுகூடத் தேவைப்படுவதில்லை. பாலியெஸ்டர் துணியில் வாடை சீக்கிரம் ஏறிவிடுகிறது, எந்த டியோடரண்ட் போட்டாலும். இரண்டு நிமிடம் ஊறவிட்டுச் சட்டை போடுவது நல்லது, இல்லாவிட்டால் துணியில் எண்ணெய்க் கறை விழும். என் வெளிர்நீலச் சீருடை ஒன்றில் விழுந்த கறை இன்னும் போகவில்லை.

வியர்வை நிற்குமா என்று அக்கா கேட்டாள். நிற்காது. மாவு கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சும், அவ்வளவுதான். வியர்வை நாளத்தை அடைப்பது அலுமினிய உப்புகளின் வேலை, அது இந்தப் பெட்டியில் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே சட்டை நனையும் அளவுக்கு வியர்க்கிறவர்கள், திடீரென்று உடல் வாடை மாறியவர்கள், அக்குளில் கட்டியோ வலியோ இருப்பவர்கள் டியூபைத் தேடுவதற்கு முன் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

ஐந்துக்கு எத்தனை என்றால், பொருள்களுக்கும் டியூப்களுக்கும் நாலரை கொடுப்பேன், அந்தத் தாளுக்கு ஒன்று. இந்தப் பெட்டியை வாங்கலாம். சோடாப் பொட்டலத்தை மட்டும் சமையலறைக்கு அனுப்பிவிட்டு, மெக்னீசியம் பொடியைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். ஷியாவும் மாவும் எனக்கு இன்னும் ஒரு டியூபுக்கு மிச்சமிருக்கின்றன, மெழுகு தீர்ந்துவிட்டது. வாங்கி வைத்ததும் அக்கா வருவதாகச் சொல்லியிருக்கிறாள். இந்த முறை கலக்குவது அவள்தான், கிண்ணத்தின் ஓரத்தில் ஆடை படியும் நேரத்தை மட்டும் நான் பக்கத்தில் நின்று காட்டுவேன்.